மழை மாதங்களில் தேன் பெட்டி

கேள்வி: அக்கா, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் 6 தேன் பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஏப்ரலோடு தேன் எடுத்து முடித்தேன். மழை தொடங்கியதிலிருந்து கூட்டம் மெலிந்துகொண்டே வந்து, போன வாரம் ஒரு பெட்டி காலியாகிவிட்டது. மீதி ஐந்தை அடுத்த சீசன் வரை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: தம்பி, போனது போகட்டும். மீதி ஐந்துக்கும் இன்றைக்கே வேலை இருக்கிறது.

ரப்பர் துளிர்க்கும்போது மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் சுரக்கும் இனிப்புதான் நமக்குத் தேன். இலை முற்றினால் அது நின்றுவிடும். அப்புறம் மழை. உள்ளே இருப்பு தீர்ந்தால் நம்முடைய இந்தியத் தேனீ காத்திருக்காது, கூண்டோடு கிளம்பிவிடும். நான் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, ஆசைப்பட்டு, பெட்டியின் கீழே புழுக்கள் வளரும் புழு அறையில், அடை கட்டிய மரச் சட்டங்களின் மேல் ஓரத்தில் இருந்த தேனையும் எடுத்துவிட்டேன். ஆடி முடிவதற்குள் 9 பெட்டிகளில் நாலுதான் மிஞ்சின. அந்தத் தேன் அவற்றின் மழைக்காலச் சோறு. அதற்குப் பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை.

உங்கள் பெட்டிகளைப் பின்பக்கமாக லேசாகத் தூக்கிப் பாருங்கள். கனமில்லாமல் எழும்பினால் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு பெட்டிக்கு 200 கிராம் சர்க்கரை, அதே அளவு தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கிச் சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் உட்கார நாலைந்து ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டு, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். இருட்டும் நேரத்தில், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வைக்க வேண்டும். பகலில் வைத்தாலோ வெளியே ஒரு சொட்டு சிந்தினாலோ, வலுத்த கூட்டம் மெலிந்த கூட்டத்தைக் கொள்ளையடிக்கும்.

புழு அறைக்கு மேல் வைத்த தேன் அறையை இன்னும் எடுக்கவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். தேனீக்கள் உட்காராமல் வெறுமனே கிடக்கும் அடைகளையும் கழித்துவிடுங்கள். ஆளில்லாத அடையில்தான் மெழுகுப் பூச்சி முட்டையிடும். காலியான பெட்டியின் அடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: அறைகளுக்கு நடுவே நூல்வலை பின்னி, மிளகுத்தூள் போல எச்சம் கிடந்தால் அதுதான். அதை வேறு பெட்டிக்கு மாற்றவே வேண்டாம், எரித்துவிடுங்கள். வலையில்லாத கறுத்த அடைகளைத் துணியில் கட்டி வெந்நீரில் போட்டு மெழுகாக்கலாம்.

இரண்டு சட்டங்களுக்கும் குறைவாகத் தேனீ இருக்கும் பெட்டியைத் தனியாக விடாதீர்கள். அதன் ராணியை எடுத்துவிட்டு, நடுவில் சிறு துளைகள் போட்ட செய்தித்தாளை வைத்து, நல்ல பெட்டியோடு சேருங்கள். தாளைக் கடித்து அவையே ஒன்றாகிவிடும். பெட்டி குறைகிறதே என்று மனசு கேட்காது, எனக்கும் கேட்டதில்லை. ஆனால் நாலு வலுத்த கூட்டம் இருந்தால் பிரித்து எட்டாக்கலாம்.

பெட்டி வைத்திருக்கும் தாங்கியின் கால்களுக்குக் கீழே உள்ள கிண்ணங்களில் தண்ணீர் இருக்கட்டும். சாய்ந்த புல் ஒன்று போதும், எறும்பு பாலம் போட்டுவிடும்.

ஐப்பசிக்குப் பிறகு மகரந்தம் வரத் தொடங்கும். நடுவில் ஊசித்துளையுள்ள தொப்பி போட்ட ஆண் தேனீ அறைகள் தெரிந்தால் பிரிக்கும் காலம் நெருங்குகிறது. அப்போது ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை சட்டங்களில் தேனீ இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். எதைப் பிரிக்கலாம் என்று சொல்கிறேன்.