கோடையில் ஓடையேறப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மே இரண்டாம் ஞாயிறு நாகலாபுரம் போகலாம் என்று குழுவில் முடிவானதிலிருந்து ஆளாளுக்குத் தனியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே பதில் எழுதுகிறேன். ‘ரிவர் டிரேசிங்’ என்று இப்போது சொல்கிறார்கள். ஓடையையே பாதையாக வைத்துக்கொண்டு, பாறை தாவி, தண்ணீரில் நடந்து, மடுவை நீந்திக் கடந்து மேலே ஏறுவதுதான் அது. பதினாறு வருடமாக இதைச் செய்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஆவடி): அண்ணா, மே மாதத்தில் நாகலாபுரத்தில் தண்ணீர் இருக்குமா? தடா நல்லதா?

இரண்டுமே ஆந்திரப் பக்கம், திருப்பதி மாவட்டம். நாகலாபுரத்துக்கு ஊத்துக்கோட்டை வழி. தடா என்று நாம் சொல்வது உப்பலமடுகு அருவி இருக்கும் காடு. இரண்டு ஓடைகளுக்கும் பெரும்பங்கு தண்ணீர் தருவது ஐப்பசி, கார்த்திகை மழைதான். தை மாதம் வரை நன்றாக ஓடும். மே மாதத்தில் ஓட்டம் நூலாக மெலிந்துவிடும், சில இடங்களில் பாறைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஆனால் ஆழமான மடுக்களில் தண்ணீர் நிற்கும். அந்த மலை குவார்ட்சைட் பாறை. கட்டம் கட்டமாக வெடித்து, படி வைத்தது போல இருக்கும், ஏறுவதற்கு அருமை. அதே பாறையில் பாசி படிந்தால் கண்ணாடிதான். ஓட்டம் குறைந்த மே மாதத்தில் பாசி அதிகம். பழைய ரப்பர் செருப்பில் யாராவது வந்தால் அடிவாரத்திலேயே உட்கார வைத்துவிடுவேன். கயிறு கட்டும் ஷூ, தண்ணீர் வடிகிற துணி ஷூ என்றால் இன்னும் நல்லது.

அனுமதி ஆந்திர வனத்துறையிடம் வாங்க வேண்டும். திறந்திருக்கிறதா என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். போகும் வாரத்தில் விசாரித்துவிட்டு, கிடைத்தால் மட்டும் வண்டி ஏறுவோம். திரும்பும் வழியில் நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலைப் பார்க்காமல் வராதீர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்துக் கோயில், மச்ச அவதாரக் கோலத்தில் பெருமாள்.

கேள்வி (தாம்பரம்): காலை 6 மணிக்கே கிளம்ப வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தூங்கிவிட்டு வந்தால் என்ன?

6 மணிக்கு நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை அதற்கேற்பக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கோடை மழை. காலையெல்லாம் மலை காய்கிறது, கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவருகிறது, மதியத்துக்கு மேல் இடிமேகம் திரள்கிறது. நம் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும். ஐந்து கிலோமீட்டர் மேலே கொட்டிய மழை, இடுக்கான ஓடையில் சுவர் போல இறங்கி வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படித்தான் திடீரென வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அதுவும் மே மாதம்தான்.

அதனால் மதியம் 2 மணிக்கு ஒருவர்கூட ஓடைக்குள் இருக்கக் கூடாது. கடைசி மடுவை எட்டினோமோ இல்லையோ, 11 மணிக்குத் திரும்பிவிடுவோம். அதற்கு முன்பே தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தால், மேலே லாரி வருவது போல இரைச்சல் கேட்டால், பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையில் ஏறுங்கள். வந்த வழியே ஓடைக்குள் ஓடாதீர்கள். பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும்.

கேள்வி (வேளச்சேரி): மடுவில் பாறை மேலிருந்து குதிக்கலாமா?

கூடாது. தண்ணீர் தெளிவாக இருந்தால் ஆழம் தப்பாகத் தெரியும், கலங்கலாக இருந்தால் ஒன்றுமே தெரியாது. போன தடவை ஆழமாக இருந்த இடத்தில் இந்தத் தடவை ஒரு பாறை உருண்டு கிடக்கும். தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு நொறுங்கினால் கை கால் நான்கும் போய்விடும். அங்கிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று யோசியுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): அட்டை கடிக்குமா சார்?

மே மாதத்தில் அங்கே அந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி (கோவை): எங்களுக்கு நாகலாபுரம் தூரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் நாங்களே ஒரு ஓடையைப் பிடித்து ஏறலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டுக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நடக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிடாதீர்கள். அதுவும் கோடை, காய்ந்த புல். 2024 அக்டோபரில் வனத்துறை ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்யலாம், உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். தீப்பருவத்தில் மூடிவிடுவார்கள், பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி (திருப்பூர்): நான் 30 மீட்டர் நைலான் கயிறு கொண்டுவருகிறேன். ஓட்டமான இடத்தில் கடப்பவர் இடுப்பில் கட்டிவிட்டு நாலு பேர் பிடித்துக்கொண்டால் பாதுகாப்புதானே?

இந்தக் கேள்வி வந்ததற்கு நன்றி. இதில் நிறையப் பேருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. ஓடும் தண்ணீரில் யார் இடுப்பிலும் கயிறு கட்டாதீர்கள்.

எட்டு வருடம் முன்பு ஒரு மலை ஓடையில் நாங்களே இதைச் செய்தோம். முழங்காலுக்குச் சற்று மேல் தண்ணீர். கடந்த தம்பி வழுக்கி விழுந்தான். கரையில் மூன்று பேர் பலமாக இழுத்துப் பிடித்தோம். கயிறு விறைத்ததும் தண்ணீர் அவன் முதுகில் ஏறி அழுத்தித் தலையை உள்ளே தள்ளியது. நாங்கள் இழுக்க இழுக்க அவன் அமுங்கினான். முடிச்சை அவிழ்க்க அவனால் முடியவில்லை. ஒருவர் பதறிக் கயிற்றை விட்டார், மற்ற இருவர் கையிலிருந்தும் நழுவியது. அடுத்த நொடி அவன் மிதந்தான், இருபதடி கீழே போய் எழுந்து நின்றான். அந்தக் கயிற்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மறுபடியும் திருப்பூர்: பாறை ஏறும்போது இடுப்பில் கட்டித்தானே ஏறுகிறோம்? அங்கே பாதுகாப்பு, இங்கே ஆபத்தா?

ஆமாம். பாறையில் விழுந்தால் கயிறு பிடித்த நொடியில் விழுவது நின்றுவிடும், தொங்கிக்கொண்டு மூச்சுவிடலாம். தண்ணீர் நிற்காது, தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நாலு பேர் அல்ல, பத்துப் பேர் பிடித்தாலும் உள்ளே இருப்பவருக்கு ஆபத்து கூடத்தான் செய்யும்.

கேள்வி (விழுப்புரம்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெள்ளத்தில் மீட்புப் படையினர் கயிற்றோடு இறங்குவதை டிவியில் பார்க்கிறோமே?

அவர்கள் போட்டிருப்பது மீட்பு ஜாக்கெட். முன்பக்கம் ஒரு கைப்பிடியை இழுத்தால் கயிறு தானாகக் கழன்றுவிடும். அதை இழுத்துப் பழகியவர்கள் அவர்கள். நம்மிடம் ஜாக்கெட்டும் இல்லை, பழக்கமும் இல்லை.

சரி, என்ன செய்வது? ஓட்டமான தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் கடக்க மாட்டோம், திரும்புவோம். அதற்குக் கீழே என்றால் அகலமான, மெதுவாக ஓடும் இடத்தைத் தேடுவோம். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட வேண்டும். பலமானவர் கம்போடு ஓட்டத்தைப் பார்த்து முன்னால் நிற்க, மற்றவர்கள் அவர் பின்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ஒட்டி நின்று, எல்லாரும் சேர்ந்து பக்கவாட்டில் நகர்வோம். அடித்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் பாறை இடுக்கில் மாட்டினால் தண்ணீர் ஆளை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களைக் கீழ்நீர்ப் பக்கம் நீட்டி மிதந்து, ஓட்டம் தணிந்த இடத்தில் கரை ஒதுங்குங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும், தொடைப் பட்டை இருப்பதாகப் பாருங்கள், இல்லையென்றால் தண்ணீரில் தலைக்கு மேல் ஏறிவிடும். காற்று ஊதும் டியூப் வேண்டாம். ஆழமான மடுவைக் கரை வழியாகச் சுற்றி வருவீர்கள்.

கேள்வி (போரூர்): சின்னப் பாறையிலிருந்து, கால் முதலில் படுகிற மாதிரி குதித்தால்?

வேளச்சேரிக்குச் சொன்னதுதான். கூடாது.

கேள்வி (மயிலாப்பூர்): என் மகளுக்கு 9 வயது, அம்மாவுக்கு 62. அழைத்து வரட்டுமா?

மகளை அழைத்து வாருங்கள், நீங்கள் அவள் பக்கத்திலேயே இருப்பதாக இருந்தால். அம்மா தினமும் நடப்பவர் என்றால் முதல் மடு வரை வந்து நிழலில் இருக்கலாம். அவரோடு ஒருவர் தங்க வேண்டும். வெயிலில் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்பவாதம். உடனே தண்ணீரில் நனைத்து விசிறி, 108க்கு அழைக்க வேண்டும்.

கேள்வி (கொரட்டூர்): எவ்வளவு தண்ணீர், என்ன சாப்பாடு?

ஆளுக்கு 4 லிட்டர். புளிசாதம், வேர்க்கடலை, இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. மே மாதத்து ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

கேள்வி (வில்லிவாக்கம்): பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்ட வேண்டுமா?

கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

கேள்வி (குரோம்பேட்டை): தண்ணீரில் எடுக்க எந்தக் கேமரா நல்லது?

எனக்குத் தெரியாத துறை. குழுவில் படம் எடுப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): காலில் சின்ன வெட்டுக்காயம் இருக்கிறது. பரவாயில்லையா?

தேங்கிய தண்ணீரில் எலி, மாட்டுச் சிறுநீர் கலந்திருக்கும். அந்தக் காயம் வழியாக எலிக் காய்ச்சல் வரலாம். ஆறாவிட்டால் இந்தத் தடவை வேண்டாம். போய்வந்தவர்கள் யாருக்காவது அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் ஓடையில் இறங்கியதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி (ஆவடி): மூன்று மணி வரை இருந்துவிட்டு வரக் கூடாதா அண்ணா?

இல்லை தம்பி, 2 மணி.

திருப்பூர்: நைலான் கயிற்றை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். பதிலுக்கு என்ன கொண்டுவர?

வீசு பை ஒன்று வாங்குங்கள். மிதக்கும் பாலிபுரோப்பிலீன் கயிறு, 15 மீட்டருக்குக் குறையாமல், பைக்குள் அடைத்தது. நைலான் மூழ்கும், இது தண்ணீர் மேல் கிடக்கும். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, “கயிறு!” என்று கத்திவிட்டு, பையை அவர் தலையைத் தாண்டி வீச வேண்டும். அவர் கயிற்றை மார்போடு பிடித்து மல்லாந்தால் கரைக்குத் தானாகவே ஒதுங்குவார். முடியாவிட்டால் விட்டுவிடலாம், எங்கும் கட்டவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு ஒரு மைதானத்தில் கூடுவோம். பிளாஸ்டிக் குடத்தை இலக்காக வைத்து ஆளுக்குப் பத்து வீச்சு. பத்தில் ஆறு சரியாக விழுந்தவர்கள் மூன்று பேராவது இருந்தால் ஞாயிறு கிளம்பலாம்.