ஆறாவது பாரில் நிற்கும் பிள்ளைகள்: பியானோ கேள்வி-பதில்

பியானோ ஆசிரியர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், சட்டை மட்டும் வேறு வேறு. "பிள்ளை பிராக்டிஸ் பண்ண மாட்டேன் என்கிறது." அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். எட்டு மாதம் ஆசையாக வந்த ஒன்பது வயதுப் பையன், இப்போது வீட்டில் பியானோ பக்கமே போவதில்லையாம். ஸ்டிக்கர், சாக்லேட் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். (நங்கநல்லூர்)

ஸ்டிக்கரை எடுத்து உள்ளே வையுங்கள். அதன் மவுசு மூன்று வாரம்தான். அடுத்த வகுப்புக்கு அவன் வந்ததும், "வீட்டில் எப்படி வாசிப்பாயோ அப்படியே பத்து நிமிஷம் வாசி, நான் காபி போட்டுக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறையிலிருந்து கேளுங்கள்.

இதைச் செய்து பார்த்தபோதுதான் எனக்கே புத்தி வந்தது. எட்டு வயதுப் பெண். முதல் பாரில் (இசைத் தாளில் ஒரு செங்குத்துக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் உள்ள பகுதிதான் பார்) ஆரம்பித்தாள், ஆறாவது பாரில் இடது கை தடுமாறியது. உடனே மறுபடி முதல் பார். மறுபடி ஆறில் இடறல். பத்து நிமிஷத்தில் பதினொரு தடவை எண்ணினேன். முதல் ஐந்து பாரும் வழவழவென்று ஆகிவிட்டன. ஆறாவது பார் பதினொரு முறை தப்பாகவே பழகிவிட்டது. ஏழிலிருந்து பதினாறு வரை கை படவே இல்லை. இப்படித் தினமும் முட்டிக்கொண்டால் நானும்தான் பியானோ பக்கம் போக மாட்டேன். அவளைச் சோம்பேறி என்று அதுவரை நினைத்திருந்தேன். தப்பு என்னுடையது. "தினமும் அரை மணி நேரம்" என்று நோட்டில் எழுதி அனுப்பினேனே தவிர, அந்த அரை மணியில் என்ன செய்வது என்று சொல்லித் தரவே இல்லை.

இப்போது நோட்டில் நேரம் எழுதுவதில்லை, வேலையைத்தான் எழுதுகிறேன். "ஆறாவது பார், இடது கை மட்டும், மெதுவாக, ஐந்து முறை. அப்புறம் ஐந்தாவது பாரின் கடைசி ஸ்வரத்திலிருந்து ஏழாவது பாரின் முதல் ஸ்வரம் வரை, இரண்டு கையும்." எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை. பியானோவின் இடது ஓரத்தில் ஐந்து. சரியாக வாசித்தால் ஒன்று வலது பக்கம் போகும், தப்பினால் ஒன்று திரும்பி வரும். ஒரு தப்புக்கு எல்லாவற்றையும் திருப்பி வைக்கச் சொல்கிற ஆசிரியர்கள் உண்டு. நாலு கொட்டை சேர்த்த பையன் ஐந்தாவதில் தவறி அழுததைப் பார்த்த பிறகு நான் அதை விட்டுவிட்டேன்.

புதுப் பீஸை, அதாவது வாசிக்கப் போகும் புது இசைத் துண்டை, ஆரம்பிக்கும்போது கடைசி நாலு பாரை முதலில் கொடுத்துப் பாருங்கள். அது கைக்கு வந்ததும் அதற்கு முந்தின நாலு. இப்படிப் பின்னாலிருந்து வந்தால், தெரியாத இடத்தில் ஆரம்பித்துத் தெரிந்த இடத்தில் போய் முடிப்பான். மனசுக்கு அது பெரிய தெம்பு.

நேரமும் முக்கியம். இரவு ஹோம்வொர்க் முடிந்த பிறகு என்றால் நடக்கவே நடக்காது. என் மாணவர்களில் ஒருவன் பள்ளி வேன் வருவதற்கு முன்னால், ஷூ போட்டுக்கொண்டு, பதினைந்து நிமிஷம் வாசிக்கிறான். அந்த வயதுக்கு அது போதும்.

மகளுக்குப் பத்து வயது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைப் பரீட்சையில் வருஷத்துக்கு ஒரு கிரேடு என்று போய்க்கொண்டிருக்கிறோம். இப்போது மூன்று முடித்திருக்கிறாள், மூன்றிலும் டிஸ்டிங்ஷன். ஆனால் விருந்தாளி வந்து "ஏதாவது வாசியேன்" என்றால் அழாத குறை. (மேடவாக்கம்)

நூற்றுக்கு 87 வாங்கினால்தான் டிஸ்டிங்ஷன். அதை மூன்று முறை வாங்கிய பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. வாசிக்க அவளிடம் பீஸ் இல்லை. பரீட்சைக்கு மூன்று பீஸ், அதற்கே 66 மார்க். ஆகவே வருஷம் முழுக்க அந்த மூன்றையே தேய்க்கிறார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் அவற்றின் மேல் வெறுப்பு வந்துவிடும். மூன்று வருஷத்தில் ஒன்பது பீஸ், அதில் ஒன்றும் கையில் தங்கவில்லை.

நாலாவது கிரேடுக்கு அவசரப்பட வேண்டாம். ஒரு வருஷம் சும்மா விடுங்கள். இரண்டாம் கிரேடு அளவில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாத பீஸாகப் பதினைந்து இருபது வாசிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டே வாரம். மெருகு ஏறாவிட்டாலும் பரவாயில்லை. இசைத் தாளைப் பார்த்து உடனே வாசிக்கும் பழக்கம் இப்படித்தான் வரும், சைட் ரீடிங்கில் மார்க்கும் தானாக ஏறும். இன்னொரு பிரிட்டிஷ் இசைப் பரீட்சை வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். பக்கம் மாறுகிற எண்ணம் இருந்தால் ஒன்று: அங்கே ஆறாம் கிரேடும் அதற்கு மேலும் எழுத ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான ஒன்றோ முதலில் முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை.

61 கீ கீபோர்டே போதுமா? கடைக்காரர் போதும் என்கிறார். (சேலம்)

கீபோர்டு வாசிக்கப் போதும். பியானோ கற்க, முதல் ஆறு மாதம் தள்ளலாம். பியானோவில் மெல்லச் சத்தமும் பெரிய சத்தமும் விரலின் வேகத்தில் பிறக்கின்றன. கனமில்லாத கீயில் பழகிய விரல் வகுப்பில் நிஜப் பியானோவைத் தொட்டதும் திணறும், பிள்ளை "எனக்கு வரவில்லை" என்று முடிவு கட்டிவிடும். 88 கீ, சுத்தியல் போலக் கனமுள்ள கீ, ஒரு பெடல்: இவை உள்ள டிஜிட்டல் பியானோ பழையதாகக் கிடைத்தாலும் வாங்குங்கள். ஆயிரம் டோன் இருப்பதெல்லாம் வேண்டாத செலவு. காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகை வையுங்கள். கால் தொங்கினால் தோளும் இறுகிவிடும்.

பையன் சினிமாப் பாட்டு மட்டும்தான் வாசிப்பேன் என்கிறான். அனுமதிப்பதா? (மதுரை)

தாராளமாக. ஆனால் எழுதி வைத்த இசைத் தாளைக் கொடுக்காதீர்கள். மெட்டைக் காதால் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தால் இடது கைக்கு மூன்று கார்டு (ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டு) தருவதாக ஒப்பந்தம் போடுங்கள். தேடுகிற அந்த ஒரு வாரத்தில் அவன் கற்பதை நாம் ஒரு மாதம் சொல்லித் தர முடியாது.

அப்படியே கறுப்புக் கீகளுக்கும் அழைத்துப் போங்கள். எஃப் ஷார்ப்பை (மூன்றாகச் சேர்ந்திருக்கும் கறுப்புக் கீகளில் முதலாவது) ஸட்ஜமாக, அதாவது 'ஸ'வாக, வைத்துக் கறுப்பு ஐந்தையும் வரிசையாக வாசித்தால் மோகனம். அதே ஐந்து கீ, ஜி ஷார்ப்பிலிருந்து ஆரம்பித்தால் மத்தியமாவதி. ஏ ஷார்ப்பிலிருந்து ஹிந்தோளம், சி ஷார்ப்பிலிருந்து சுத்த ஸாவேரி, டி ஷார்ப்பிலிருந்து சுத்த தன்யாசி. நீங்கள் கீழே ஸட்ஜமும் பஞ்சமமும் பிடித்துக்கொண்டே இருங்கள், அவன் மேலே இஷ்டத்துக்கு உலாவட்டும். ஹிந்தோளத்துக்குப் பஞ்சமம் கிடையாது, அங்கே மட்டும் மத்யமத்தைப் பிடியுங்கள். தப்பான கீ என்று ஒன்றே இல்லாத விளையாட்டு இது. பாட்டி வீட்டில் இருந்தால் கூப்பிட்டு ராகம் சொல்லச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் இதற்காகவே சீக்கிரம் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

பிள்ளை வராத நாளுக்குப் பெற்றோர் பணத்தைக் கழித்துக்கொள்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. (வேளச்சேரி)

வகுப்புக் கணக்கை விட்டுவிட்டு மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். அவர்கள் வாங்குவது உங்கள் செவ்வாய்க்கிழமை ஐந்து மணியை, அது காலியாகக் கிடந்தாலும் வேறு யாருக்கும் நீங்கள் கொடுக்க முடியாது. ஈடு வகுப்பு மூன்று மாதத்துக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது. சேரும் அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் கூச்சத்துக்கு இடமே இல்லை.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பழைய அப்ரைட் பியானோவில் (நிமிர்ந்து நிற்கும் வகை) கீ ஒட்டிக்கொள்கிறது. (பெசன்ட் நகர்)

ஈரத்தில் மரமும் உள்ளே இருக்கும் ஃபெல்ட் என்கிற கம்பளித் துணியும் உப்புகின்றன, அதுதான். வகுப்பு நேரத்தில் மட்டும் ஏசி போட்டு அணைப்பதுதான் இன்னும் கெடுதல், மரம் ஒரே நாளில் சுருங்கி விரியும். சன்னலையும் ஏசிக் காற்றையும் விட்டு உள்சுவருக்கு நகர்த்துங்கள். டியூனிங் வருஷம் இருமுறை, அதில் ஒன்று மழைக்காலம் ஓய்ந்த பிறகு. டியூனர் வரும்போது ஃபெல்ட்டில் பூச்சியும் எலியும் இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆண்டு விழாவில் ஒரு பெண் நடுவில் மறந்துபோய் மேடையிலிருந்து ஓடிவிட்டாள். இப்போது வகுப்புக்கே வரவில்லை. (கோவை)

முதலில் அவள் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். போனில் பேசினால் அவள் தலையாட்டிவிட்டு வைத்துவிடுவாள்.

அடுத்த முறைக்கு: எந்தப் பீஸிலும் நாலு இடத்தைக் குறித்து, அங்கிருந்து எப்போது சொன்னாலும் ஆரம்பிக்கப் பழக்குங்கள். மறந்தால் முதலுக்கு ஓட வேண்டாம், அடுத்த குறிக்குத் தாவலாம். இருநூறு பேர் கூடும் விழாவுக்கு முன்னால் வீட்டிலேயே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆறு பிள்ளைகள், அவர்கள் வீட்டார், பாய் விரித்து ஒரு சின்னக் கச்சேரி. முதலில் நீங்கள் வாசியுங்கள், ஓர் இடத்தில் நிஜமாகவே தப்பும் விடுவீர்கள், பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். சுண்டலை மட்டும் எல்லாரும் வாசித்து முடித்த பிறகு கொடுங்கள். நான் ஒருமுறை முன்னாலேயே கொடுத்துவிட்டு, கீ முழுக்க எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.