டிகாஃப் வாங்கிப் பார்த்தவர்களின் கேள்விகள்

இரவில் தூக்கம் பிடிக்காதவர்கள் மாலைக் காபிக்கு மட்டும் டிகாஃப், அதாவது தூக்கத்தைக் கலைக்கும் காஃபினைப் பெரும்பாலும் நீக்கிய இன்ஸ்டன்ட் பவுடரை முயன்று பார்க்கலாம் என்று போன முறை எழுதியிருந்தேன். பலரும் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதிப் பேர் சொல்வது ஒன்றேதான்: ருசி இல்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இருபது வருடமாக இன்ஸ்டன்ட் காபி குடிக்கிறேன். டாக்டர் சொன்னதால் டிகாஃப் பாட்டில் ஒன்று வாங்கினேன். விலையோ அதிகம், பாலில் கலந்தால் சப்பென்று இருக்கிறது. காஃபினை எடுத்ததால்தான் ருசி போய்விட்டதா? (வாசகி, கும்பகோணம்)

பழியை முழுக்கக் காஃபின் மேல் போடாதீர்கள். காஃபின் கசக்கும், உண்மை. ஆனால் ஒரு டம்ளர் காபியின் கசப்பில் அதன் பங்கு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கொட்டையை வறுக்கும்போது உண்டாவது.

நீங்கள் இதுவரை குடித்துவந்த பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். நம் வீடுகளில் அதிகம் புழங்கும் நெஸ்கஃபே சன்ரைஸ், ப்ரூ இன்ஸ்டன்ட் இரண்டுமே காபியும் சிக்கரியும் கலந்தவை. இப்படிப்பட்ட கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்க நம் நாட்டில் அனுமதி உண்டு. எவ்வளவு என்பதை லேபிளில் போட்டிருப்பார்கள். பால் ஊற்றினாலும் வெளுக்காத அந்த நிறம், நாக்கில் நிற்கும் கெட்டித்தன்மை, கருகிய வெல்லம் போன்ற அடி ருசி எல்லாம் பெரும்பாலும் சிக்கரி தருபவை. கடையில் கிடைக்கும் டிகாஃப் பாட்டில்களில் அநேகமானவை சிக்கரி கலக்காத தனிக் காபி. ஆக நீங்கள் ஒரே நாளில் காஃபினையும் விட்டீர்கள், சிக்கரியையும் விட்டீர்கள். நாக்கு தேடுவது இரண்டாவதை.

இதை வீட்டில் சோதித்தேன். சாதாரணத் தனிக் காபி, டிகாஃப், சிக்கரிக் கலவை என்று மூன்று டபராவின் அடியில் பென்சிலால் குறி போட்டு, ஒரே பால், ஒரே சர்க்கரையில் கலந்து தரச் சொன்னேன். சிக்கரிக் கலவையை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டேன். மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல மூன்று நான்கு வாய் தேவைப்பட்டது. டிகாஃபில் மணம் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். அந்தக் குறைவு நிஜம். பச்சைக் கொட்டையை நனைத்துக் காஃபினை இழுக்கும்போது மணத்துக்கு ஆதாரமான சில பொருட்களும் கூடவே போய்விடுகின்றன.

வழி சுலபம். காபி அரைத்துத் தரும் கடையில் சிக்கரித்தூள் ஐம்பது கிராம் தனியாகக் கேளுங்கள். ஃபில்டரில் ஒரு ஸ்பூன் போட்டு வெந்நீர் ஊற்றி இறக்கிய சாறில் ஒன்றிரண்டு ஸ்பூன் டம்ளரில் விட்டால் போதும். சிக்கரி ஒரு வேர். அதில் காஃபின் கிடையாது, அதனால் டாக்டர் பேச்சையும் மீறியதாகாது. அப்புறம், பவுடரை நேராகப் பாலில் போடாதீர்கள். இரண்டு ஸ்பூன் வெந்நீரில் நன்றாக அடித்து நுரை கட்டிய பிறகு பாலை ஊற்றுங்கள். பாலையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறையுங்கள்.

டிகாஃப் என்றால் காஃபின் துளிகூட இருக்காதா?

இருக்கும், ஆனால் மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி டிகாஃப் இன்ஸ்டன்ட் பவுடரில் காஃபின் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2 கிராம் பவுடருக்கு அதிகபட்சம் 6 மில்லிகிராம். அதே அளவு சாதாரண இன்ஸ்டன்ட் பவுடரில் சுமார் 60 மில்லிகிராம். பெரியவர்களின் உடம்பில் போன காஃபினில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்தது இரவு 10 மணிக்கும் பாதி மிச்சம் இருக்கும். அந்தப் பாதி 30 மில்லிகிராமா, 3 மில்லிகிராமா என்பதுதான் உங்கள் தூக்கத்தின் கணக்கு.

மாறி இரண்டு நாள் ஆகிறது. தாங்க முடியாத தலைவலி. டிகாஃப் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

டிகாஃப் காரணமில்லை, காஃபின் சட்டென்று நின்றதுதான் காரணம். கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், முதல் இரண்டு நாள் கடுமையாக இருக்கும், பெரும்பாலும் ஒன்பது நாளுக்குள் அடங்கிவிடும். சோர்வும் எரிச்சலும் கூடவே வரும். ஒரேயடியாக மாறியது தவறு. சாதாரணப் பவுடர் முக்கால், டிகாஃப் கால் என்று கலந்து தொடங்கி, வாரத்துக்கு வாரம் அளவை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் தலைவலி நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.

இரண்டாம் டிகாக்‌ஷனில் காஃபின் இருக்காது என்று மாமியார் சொல்கிறார். அப்படியானால் டிகாஃபுக்கு எதற்குத் தண்டச் செலவு? (வாசகி, மதுரை)

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காஃபின் வெந்நீரில் சுலபமாகக் கரையும், அதனால் பெரும்பகுதி முதல் டிகாக்‌ஷனிலேயே இறங்கிவிடும். ஆனால் மிச்சம் இருப்பது டிகாஃப் அளவுக்குக் குறைவானது அல்ல. பொடியில் ரொபஸ்டா ரகக் கொட்டை அதிகம் என்றால் இன்னும் கூடும். அராபிகா ரகத்தில் இருப்பதைவிட அதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காஃபின். குழந்தைகளுக்கு இரண்டாம் டிகாக்‌ஷனைக் கொடுத்த பாட்டிகள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். தூக்கம் வராதவருக்கு அது போதாது.

கெமிக்கலில் ஊறவைத்து எடுக்கிறார்களாமே, பயமாக இருக்கிறது.

பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஜெர்மனியின் பிரெமன் நகரத்து வியாபாரி லூட்விக் ரோசேலியுஸ் 1906-ல் காஃபே ஹாக் கம்பெனியைத் தொடங்கி டிகாஃபை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, காஃபினை இழுக்கப் பயன்படுத்தியது பென்சீன். பின்னாளில் அது ஆபத்தானது என்று தெரிந்து கைவிடப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பவை டைகுளோரோமீத்தேன், எத்தில் அசிட்டேட், வெறும் தண்ணீர், அழுத்தத்தில் வைத்த கரியமில வாயு ஆகிய நான்கு. எதுவானாலும் பச்சைக் கொட்டையில்தான் வேலை, வறுப்பது அதற்குப் பிறகு. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், வறுக்கும் சூடோ 200 டிகிரியைத் தொடும். வறுத்த காபியில் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் அது மிஞ்சக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. அதனால் பயப்பட வேண்டாம். ஆனாலும் நான் வாங்குவது தண்ணீர் முறை என்றோ கரியமில வாயு முறை என்றோ லேபிளில் போட்ட பாட்டிலைத்தான். ஒன்றும் போடவில்லையா, கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மகள் ஐந்து மாத கர்ப்பம். டிகாஃப்தானே, இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு போட்டுக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். இரும்பு உடம்பில் சேர விடாமல் தடுப்பது காபியில் உள்ள பாலிஃபீனால். காஃபினை எடுத்தாலும் அது அப்படியே இருக்கும். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்குக் காஃபின் 200 மில்லிகிராமுக்குள் இருக்கலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015 பரிந்துரை. டீ, சாக்லேட், கோலா எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

எடுத்த காஃபினை என்ன செய்வார்கள்?

விற்றுவிடுவார்கள். குளிர்பானத்துக்கும் தலைவலி மாத்திரைக்கும் போகிறது.

பாதி பாட்டிலுக்குள் பவுடர் கல்லாகிவிட்டது.

கொதிக்கும் பாலுக்கு மேலேயே பாட்டிலைத் திறந்து பிடித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் ஈர ஸ்பூன். டிகாஃப் மெதுவாகத்தான் தீரும், அதனால் சின்னப் பாட்டிலாக வாங்குங்கள். இறுகியதில் பூஞ்சையோ கெட்ட வாடையோ இல்லையென்றால் வெந்நீரில் கரைத்துக் குடிக்கலாம். மணம் மட்டும் முன்போல இருக்காது.