எண்களைச் சொல்கிறாள், ஆனால் எண்ணத் தெரியவில்லை: வீட்டில் என்ன செய்யலாம்?

நாலு வயது மகள் இருபது வரை மடமடவென்று சொல்கிறாள், ஆனால் ஐந்து பொத்தான் கேட்டால் கைநிறைய அள்ளித் தருகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், இந்த வயதில் இது இயல்பு.

எண்களை வரிசையாகச் சொல்வது பாட்டு ஒப்பிப்பது மாதிரிதான். எண்ணுவது வேறு திறமை. ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று விட்டுப்போகாமல் தொட வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் பிடிபட வேண்டும். இந்தப் புரிதல் பல குழந்தைகளுக்கு மூன்றரை, நாலு வயதையொட்டித்தான் வருகிறது. அதுவும் ஒரேயடியாக வராது. முதலில் ஒன்று என்றால் எவ்வளவு என்று புரியும், சில மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று என்று படிப்படியாக வரும்.

அதனால் தயவுசெய்து நூறு வரை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். மூன்று, நான்கு பொருட்கள் போதும். எண்ணி முடித்ததும் "ஆக மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பிறகு அவற்றையே கலைத்து வைத்து, மறுபடி கேளுங்கள். அவள் முதலிலிருந்து எண்ணினால் எண்ணட்டும், குறுக்கிட வேண்டாம். இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பதை அவளே கண்டுபிடிக்க வேண்டும்.

எண்ணுவது போலவே வாசிப்பிலும் அவசரம் வேண்டாம். எழுத்துக்கு முன்னால் சொற்களின் ஒலிக்குக் காது பழக வேண்டும். "மரம், மணி, மலை எல்லாம் எந்த ஒலியில் தொடங்குகிறது?" என்று போகிறபோக்கில் விளையாடுங்கள். கதை படிக்கும்போது நடுவில் நிறுத்தி, "அவன் ஏன் ஒளிந்துகொண்டான்?" என்று கேட்டு, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். ஒரே புத்தகத்தையே தினமும் கேட்கிறாளா? சலிக்காமல் படியுங்கள், புதுச் சொற்கள் அப்படித்தான் மனதில் பதியும்.

எழுதுவதற்கு அவசரமே இல்லை. கிறுக்கட்டும், களிமண் பிசையட்டும். முதலில் விரல்களுக்குப் பலம் வரட்டும்.