வலி போய்விட்டது, எலும்புக்குப் போடும் ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. போன வருடம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (அடர்த்திக்கான மதிப்பெண்) மைனஸ் 3.6. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி இரண்டு போட்டோம். இப்போது வலி இல்லை, கால்சியம் மாத்திரையே போதும் என்கிறார். அடுத்த ஊசிக்கான தேதி கடந்து இரண்டு வாரமாகிறது. விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

வலி போனதென்றால் அந்த முறிவு ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். மற்ற எலும்புகள் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கின்றன. டி-ஸ்கோர் மைனஸ் 2.5க்குக் கீழே போனாலே எலும்புப்புரை என்கிறோம்; குடம் தூக்கியதற்கே எலும்பு முறிந்திருப்பதால் அம்மாவுக்கு இருப்பது தீவிரமான நிலை. இதற்குக் கால்சியமும் வைட்டமின் டியும் துணைதான், சிகிச்சை ஆகாது.

இந்த ஊசியில் ஒரு சிக்கல் உண்டு, முதல் ஊசி போடும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். மருந்து எலும்பை அரிக்கும் செல்கள் உருவாகாமல் தடுக்கிறது. ஆறு மாதம் கழிந்ததும் அந்தத் தடை நீங்கி, அரிப்பு முன்பைவிட வேகமாக நடக்கும். ஊசியால் கூடிய எலும்பு அடர்த்தி மளமளவென்று இறங்கி, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று முதுகெலும்புகள்கூட நொறுங்கலாம். ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப் போடுவது நல்லதல்ல.

ஊசிக்கு முன் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பாருங்கள். கால்சியம் குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் ஊசி. பல் பிடுங்க வேண்டியிருந்தால் பல் மருத்துவரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

செலவோ வேறு காரணமோ இருந்து நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், வேறு மருந்து இல்லாமல் விடக்கூடாது. பெரும்பாலும் எலும்பு அரிப்பைக் குறைக்கும் சோலெட்ரானிக் ஆசிட் டிரிப்புக்கு மாற்றுவோம். சிறுநீரகம் சரியாக வேலை செய்தால்தான் அதைக் கொடுக்க முடியும். எலும்பை வளர்க்கும் டெரிபாரடைடு நல்ல மருந்துதான். ஆனால் டெனோசுமாப்பை நிறுத்திவிட்டு நேராக அதற்குப் போனால் அடர்த்தி குறையும்.

அப்புறம் வீடு. குளியலறையில் பிடிமானக் கம்பி, இரவில் படுக்கையிலிருந்து கழிவறை வரை சிறு விளக்கு. குடமோ வாளியோ தூக்கக் கூடாது. குனிந்து பெருக்குவதும் வேண்டாம். தினமும் நடக்கட்டும்.

திடீரென்று முதுகில் புது வலி வந்தால் தைலம் தடவிக் காத்திருக்காமல் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.