காரைக்குடியில் பழைய மரச்சாமான் வாங்கும்போது அது உண்மையிலேயே பழையதுதானா என்று எப்படிக் கண்டறிவது?

வீட்டுக்கு ஒரு சாய்வு நாற்காலியும் அலமாரியும், கூடவே சில அலங்காரப் பொருட்களும் வாங்கக் காரைக்குடிக்குப் போகவிருப்பதாகவும், கடைக்காரர் சொல்லும் வயதை எப்படிச் சரிபார்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக அங்கே வாங்கி, பழுது பார்த்துப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் "நூறு வருஷத்து பர்மா தேக்கு சார்" என்ற பேச்சு உங்கள் காதில் விழாமல் இருக்காது. பெரும்பாலும் அது பொய்யும் அல்ல. மரத்துக்கு நூறு வயது ஆகியிருக்கும். ஆனால் அந்த மரத்தால் ஆன அலமாரிக்கு ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940கள் வரை கட்டிய வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாகத் தேக்கு வந்து இறங்கியது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் அங்கிருந்த தொழிலும் சொத்தும் கைவிட்டுப் போக, இங்கே ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்களாகி, பராமரிக்க முடியாமல் போன வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. அப்படிப் பிரித்த வீட்டிலிருந்து நாற்காலியும் பெட்டகமும் மட்டும் வருவதில்லை. தூண், உத்திரம், நிலை, கதவு எல்லாமே சந்தைக்கு வருகின்றன. உத்திரமாக விலை போகாதது அறுப்பு ஆலைக்குப் போய், பலகையாகி, புதிய சாமானாகத் திரும்பி வருகிறது. இதில் எனக்குக் குறையேதும் இல்லை, இன்றைக்குத் தோட்டத்தில் வளர்த்து அவசரமாக வெட்டும் தேக்கைவிட அந்த மரம் எவ்வளவோ மேல். அதற்குத் தச்சுவேலையின் விலையைக் கொடுக்க வேண்டுமே ஒழிய, பழம்பொருளின் விலையைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

ஆகவே முதலில் சாமானைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கத்துக்கு சாயமேற்றி, அரக்கு பாலிஷ் போட்டு, மூலைகளை உப்புத்தாளால் தேய்த்து எத்தனை வயது வேண்டுமானாலும் கூட்டிவிடலாம். அடிப்பக்கம், முதுகுப் பலகை, இழுப்பறையின் உட்புறம் ஆகியவற்றில் யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. முதுகுப் பலகையில் விரல் நுனியைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். கை இழைப்புளி போன தடம் மெல்லிய அலைகளாகத் தட்டுப்படும், இயந்திரத்தில் இழைத்த பலகை ஒரே மட்டமாக இருக்கும். வாள் தடத்தை வைத்தும் சிலர் வயது சொல்வார்கள்: நேர்கோடுகளாக இருந்தால் கைவாள், வில்போல வளைந்திருந்தால் வட்டவாள், ஆகவே புதியது என்பது அவர்கள் கணக்கு. அதை மட்டும் நம்ப வேண்டாம். பர்மாவின் ரங்கூனிலும் மௌல்மீனிலும் நீராவியால் ஓடிய அறுப்பு ஆலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன, ஆகவே வளைந்த தடமும் பழையதாக இருக்கலாம். தடத்தின் வடிவத்தைவிட அதன் நிறமே முக்கியம். பள்ளத்துக்குள் மரம் வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தால், அந்த வாள் அண்மையில்தான் ஓடியிருக்கிறது.

மறு அறுப்பைக் காட்டிக்கொடுப்பவை இன்னும் இரண்டு உண்டு. தேக்கின் வைரத்தை, அதாவது உறுதியான நடுமரத்தை, வண்டு அவ்வளவு எளிதில் துளைப்பதில்லை, ஓரத்து வெள்ளைப் பகுதியைத் துளைக்கும். அது வெளியேறும் துளை மேற்பரப்பில் சின்ன வட்டமாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மாறாக, உள்ளே வண்டு குடைந்த பாதையே பலகையின் மேல் நீளவாக்கில் வாய்க்காலாகத் திறந்து கிடந்தால், வண்டு அரித்து முடித்த பிறகு அந்த மரத்தை அறுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாவது, காரணமில்லாத ஒட்டு. அலமாரியின் பக்கப் பலகையில் நடுவே சதுரமாகத் துண்டு வைத்து அடைத்திருந்தால், அலமாரிக்கு அந்த இடத்தில் துளை எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். அது பெரும்பாலும் பழைய உத்திரத்திலோ நிலையிலோ வேறொரு மரத்தின் நாக்கு நுழைந்திருந்த இடமாக இருக்கும். (துளைக்குக் கீழே புது மாவு கொட்டிக் கிடந்தால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கிறது, வயது எதுவானாலும் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.)

சாய்வு நாற்காலியில், கால் நீட்டுவதற்காகக் கைப்பிடிக்கு அடியிலிருந்து வெளியே திருப்பும் இரண்டு சட்டங்கள் இருக்கும். அவற்றை மெதுவாகத் திருப்பிவிட்டுக் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் விளக்கடித்துப் பாருங்கள். தலைமுறைக் கணக்காகத் திருப்பிய நாற்காலியில் சட்டம் உராய்ந்த தடம் பிறை வடிவில் மழமழவென்று பதிந்திருக்கும். சட்டம் தொடாத இடம் சொரசொரப்பாகவே இருக்கும். இரண்டும் ஒரே வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படலாம். பிரம்பு புதிதாக இருப்பது குறையே அல்ல, அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். பிரம்பு எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பழைய சட்டத்தில் வரிசையாகத் துளையிட்டு ஒவ்வோர் இழையாகக் கையால் பின்னியிருப்பார்கள், இழுத்து இழுத்துத் துளைகளின் விளிம்பு தேய்ந்திருக்கும். துளையே இல்லாமல், பள்ளம் வெட்டி அதில் இயந்திரப் பின்னலை அழுத்திச் செருகியிருந்தால் அது பிற்கால வேலை. நட்சத்திரத் தலைத் திருகாணி 1930களில்தான் அமெரிக்காவில் விற்பனைக்கே வந்தது. அது ஓரிடத்தில் மட்டும் இருந்தால் பழுதுபார்ப்பு என்று விட்டுவிடலாம். எங்கும் அதுவாகவே இருந்து, பக்கத்தில் பழைய ஆணித்துளையின் சுவடும் இல்லையென்றால் தயங்காமல் அடுத்த கடைக்குப் போகலாம்.

அலங்காரப் பொருட்களில் வயதைச் சொல்வது பெரும்பாலும் எழுத்துதான். எனாமல் தூக்கின் அடியில் செக்கோஸ்லோவாகியா என்றிருந்தால் அது 1918க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, அந்த நாடே அந்த ஆண்டில்தான் பிறந்தது. சுவீடனின் காக்கம்ஸ் முத்திரையுள்ள எனாமல் சாமான்களுக்குச் செட்டிநாட்டில் தனி மதிப்பு உண்டு. பூச்சு பெயர்ந்த இடத்தில் உள்ளே இரும்பு தெரிவதும், அது துருவேறிக் கறுத்திருப்பதும் இயல்பு. பித்தளை, வெண்கலப் பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பெயரையும் விலாசத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிற்றுளியால் தட்டித் தட்டி வெட்டிய எழுத்து தனித்தனிப் புள்ளிகளாக, ஆழம் கூடியும் குறைந்தும் இருக்கும். மின்கருவியால் எழுதியது இடைவிடாத நடுங்கும் கோடாக ஓடும். அதோடு 'லை', 'ணை', 'றா', 'னா' ஆகியவற்றின் வடிவத்தையும் கவனியுங்கள். இவற்றின் வடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்தம் தமிழ்நாட்டில் அரசாணையானது 1978இல்தான். பெரியார் தம் இதழில் 1935 முதலே புதிய வடிவங்களை ஆண்டார் என்றாலும், பாத்திரம் வெட்டும் ஆசாரிகள் அதைப் பின்பற்றியிருக்க வாய்ப்புக் குறைவு. 'நூறு வருஷத்து' அண்டாவில் 'லை' யானைத் தும்பிக்கைபோல வளைந்த பழைய வடிவில் இல்லாமல் இன்றைய வடிவில் இருந்தால், எழுத்தாவது பிற்காலத்தது.

ரவிவர்மா படம் என்று காட்டப்படும் அச்சுகளுக்கும் அதே உருப்பெருக்கி போதும். 1894இல் பம்பாயில் தொடங்கிய அவரது அச்சகம் கல்லச்சில் அச்சிட்டது. அதில் முகத்தின் நிறம் ஒழுங்கற்ற, கையால் இட்ட புள்ளிகளாகத் தெரியும். இன்றைய மறுபதிப்பில் ஒரே அளவான இடைவெளியில் வரிசை தப்பாத நுண்புள்ளிகள் தெரியும். பெல்ஜியம் கண்ணாடியில் ரசம் போன கறுப்புத் திட்டுகள், ஈரம் ஏறும் விளிம்பிலும் கீழ்ப்பகுதியிலும் அதிகமாக இருப்பது இயல்பு. நடுவில் அழகாக, அளவாகத் தெளித்தாற்போல இருந்தால் யாரோ தெளித்திருக்கிறார்கள்.

கோயில் வாகனத்தின் பகுதி, தேர்ச் சிற்பம், சாமி விக்கிரகம் போன்றவற்றை ஆவணம் இல்லாமல் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. இந்தச் சட்டமே பேரத்தில் உங்களுக்கு உதவும். "நூறு வருஷம்" என்று வாயால் சொல்பவரிடம் அதையே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், அப்படி எழுதினால் பொருள் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும் என்பதால் யோசிப்பார். "பழைய மரம், புது வேலை" என்று அவர் எழுத முன்வந்தால், அந்தக் கணக்கில் பேரத்தை மறுபடி தொடங்குங்கள்.