தீவனத்தைப் படிக்கப் போகும் மகளைப் பற்றி ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாமக்கல்லில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பின் நான்காம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், மேற்படிப்புக்கு அறுவை சிகிச்சையையோ, கருத்தரிப்பையும் ஈற்றையும் பற்றிய ஈனியலையோ எடுக்காமல் கால்நடை உணவியலை எடுக்க விரும்புகிறார் என்றும், கறவை மாட்டின் தீவனத்தை மாற்றினால் சாணத்தாலும் சிறுநீராலும் நிலத்துக்கும் நீருக்கும் வரும் கேடு எவ்வளவு குறையும் என்று ஆராயப் போவதாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாட்டுக்குத் தீனி வைக்கத் தெரியாதவர் நம் குடும்பத்தில் யார், அதற்கு ஒரு மேற்படிப்பா, அதிலும் சாணியைப் பற்றி ஆராய்ச்சியா என்பது உங்கள் கேள்வி. பன்னிரண்டு கலப்பின மாடுகளை வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றி மகளை இந்த இடம் வரை கொண்டுவந்தவர் நீங்கள். கவலைப்படும் உரிமை உங்களுக்கு உண்டு.

முதலில் உங்கள் பெரிய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஐந்தரை ஆண்டுப் படிப்பையும் அதில் அடங்கிய உள்ளுறைப் பயிற்சியையும் முடித்து, மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொண்டால் உங்கள் மகள் முழுமையான கால்நடை மருத்துவர். அதன் பிறகு எந்தத் துறையில் மேற்படிப்புப் படித்தாலும் அந்தப் பதிவு நீங்குவதில்லை. அரசு உதவி மருத்துவர் பணிக்குத் தேர்வு எழுதலாம், ஊரில் மருத்துவமும் பார்க்கலாம். உணவியல் அவருக்குக் கூடுதலாகத் திறக்கும் வாசல், எந்த வாசலையும் அது மூடாது.

இனி, அது ஏன் படிக்கத் தகுந்த படிப்பு என்பதை உங்கள் தொழுவத்தை வைத்தே விளக்குகிறேன். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கறக்கும் ஒரு மாடு, ஈரப்பதம் நீக்கிக் கணக்கிட்டால், ஏறத்தாழ 11 கிலோ தீவனம் தின்னும். அதில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு புரதம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் புரதத்தில் அடங்கிய நைட்ரஜன் சுமார் 230 கிராம். அந்தப் பத்து லிட்டர் பாலில் வெளியேறுவது 50 கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கருவுக்கும் உடலுக்கும் போகும் சிறு பங்கு நீங்கலாக, மீதி எல்லாம் சாணமாகவும் சிறுநீராகவும் தரைக்கு வந்துவிடுகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் புரதத்தில் நான்கில் ஒரு பங்கு அளவே பாலாகிறது என்பதுதான் இதன் பொருள்.

கறவை குறைகிறதே என்று பயந்து, தேவைக்கு மேல் ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கு வைப்பது நம் பக்கத்தில் பரவலான வழக்கம். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் புரதத்தை உடைத்து அம்மோனியாவாக்கி, அதைக் கொண்டு தம் உடலைக் கட்டிக்கொள்கின்றன. அதற்கு அதே நேரத்தில் மாவுச்சத்தும் வேண்டும். மக்காச்சோளமோ கம்போ சோளமோ போதாத நிலையில் புண்ணாக்கு மட்டும் கூடினால், மிஞ்சும் அம்மோனியா இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் யூரியாவாக மாறி, பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுகிறது. அப்படி மாற்றுவதற்கும் மாடு தன் சக்தியைச் செலவிட வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் உள்ள நைட்ரஜன் ஏறத்தாழ 140 கிராம் யூரியா உரத்தில் உள்ளதற்குச் சமம். பன்னிரண்டு மாட்டுக்கும் ஆண்டு முழுவதும் இப்படி ஒரு கிலோ மிகையாக வைத்தால், அது 45 கிலோ யூரியா மூட்டையில் பதின்மூன்றுக்கும் மேல் ஆகிறது. வயலில் அத்தனை மூட்டையை ஒருபோதும் வீசியெறிய மாட்டீர்கள், தொழுவத்திலோ அது கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறது.

அது எங்கே போகிறது என்பதை அறிய ஒரு சிறு சோதனை சொல்கிறேன். விடியற்காலையில், தொழுவத்தைக் கூட்டிக் கழுவும் முன், கன்று படுத்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது தெரியாத நெடி கண்ணையும் மூக்கையும் சுடும். சிறுநீரில் உள்ள யூரியாவைச் சாணத்திலுள்ள ஒரு நொதி உடைப்பதால் கிளம்பும் அம்மோனியா அது. இரண்டும் கலந்து தேங்கும் இடத்தில்தான் இது வேகமாக நடக்கும். கன்றுகளுக்கு அடிக்கடி வரும் இருமலுக்கு மருந்து தேடுகிற நாம், இரவு முழுவதும் அவை சுவாசிக்கும் காற்றை நினைத்துப் பார்ப்பதில்லை.

காற்றில் போகாத பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. குப்பைக்குழி கிணற்றடியிலேயே இருந்தால், நைட்ரேட்டாக மாறி நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கைக்குழந்தைகளுக்கு அது மிகுந்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். மணிச்சத்துக்கும், அதாவது பாஸ்பரஸுக்கும், இதே கதைதான். அரிசித் தவிட்டில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச்சத்து குறைவு. தவிட்டை அள்ளி வைத்துவிட்டுச் சுண்ணாம்புச்சத்துள்ள தாது உப்பை மறந்தால், மாடு கன்று ஈன்றதும் துவளக்கூடும், மிஞ்சிய மணிச்சத்தோ மழைநீரோடு குளத்துக்குப் போய் ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது.

மீத்தேன் பற்றி உங்கள் மகள் சொல்லியிருப்பார். பலர் நினைப்பது போல அது பின்பக்கமாகப் போவதில்லை, பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே வருகிறது. தீவனத்தின் எரிசக்தியில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுக்கு இப்படி வீணாவது சாதாரணம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும் ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் உள்ளன என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். பெங்களூரிலுள்ள தேசிய கால்நடை உணவியல் மற்றும் உடலியங்கியல் நிறுவனம், டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த தாவரப் பொருள்களைக் கொண்டு இந்த மீத்தேனைக் குறைக்கும் ஹரித் தாரா என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. சாணத்தைக் காற்றுப் புகாத குழம்பாகத் தேக்கி வைத்தாலும் மீத்தேன் வரும். அதே சாணத்தைச் சாண எரிவாயுக் கலனுக்குள் அடைத்தால் அடுப்பெரியும், வெளிவரும் கரைசலில் நைட்ரஜனும் தங்கும். நான்கைந்து மாடுகளின் சாணம், அதாவது நாளுக்கு ஐம்பது கிலோ, இரண்டு கன மீட்டர் கலனுக்குப் போதும்.

ஆகவே தீவனமும் சாணமும் இரண்டு பாடங்கள் அல்ல. ஆய்வகத்திலும் இது கண்கூடு. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் வகுத்த நைட்ரஜன் அளவீட்டு முறையில்தான் இன்றும் புண்ணாக்கின் புரதத்தை மதிப்பிடுகிறார்கள், அதே முறையில்தான் சாணத்தையும் சோதிக்கிறார்கள். அதே டென்மார்க், கால்நடைகளிலிருந்து வெளிவரும் வாயுக்களுக்கு 2030 முதல் வரி விதிக்க முடிவெடுத்திருக்கிறது. நம் நாட்டில் அப்படிப்பட்ட வரி இல்லை. இங்கே சிறு உழவர்மீது அப்படி ஒரு சுமையை ஏற்றுவது நியாயமாகாது என்பதே என் கருத்து. ஆனால் சாணத்தைச் செல்வமாக்கும் கோபர்தன் திட்டம் 2018 முதல் நடக்கிறது, பெரிய பண்ணைகளின் கழிவு குறித்து மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. தீவனத் தொட்டியையும் குப்பைக்குழியையும் ஒரே கணக்கில் பார்க்கத் தெரிந்தவர்கள் இதற்கெல்லாம் வேண்டும், அவர்கள் நம்மிடம் மிகக் குறைவு.

படிப்பதற்கு வழி உண்டு. சென்னையிலும் நாமக்கல்லிலும் இத்துறையில் முதுகலை படிக்கலாம். கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனமும் இசாத்நகரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் அனைத்திந்திய நுழைவுத் தேர்வின் வழியே மாணவர்களைச் சேர்க்கின்றன. நல்ல இடம் பெற்றால் உதவித்தொகையும் கிடைக்கும் என்பதால், அந்தத் தேர்வுக்கு இறுதியாண்டிலேயே தயாராவது நல்லது. பிறகு பல்கலைக்கழக ஆசிரியப் பணி, வேளாண் அறிவியல் நிலையங்கள், பால் ஒன்றியங்கள், தீவன ஆலைகள், பகுப்பாய்வுக் கூடங்கள் என்று போகலாம்.

கசப்பானதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசுப் பணியிடங்களும் ஆசிரியப் பணியிடங்களும் ஆண்டுதோறும் வருவதில்லை, இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். தீவன நிறுவனங்கள் உடனே எடுத்துக்கொள்ளும், ஆனால் தொழில்நுட்பச் சேவை என்ற பெயரில் விற்பனை இலக்கைத் தலையில் கட்டும் இடங்கள் உண்டு. என்னிடம் வந்த ஒரு மாணவி, பண்ணைக்குத் தேவையே இல்லாத சேர்க்கையைப் பரிந்துரைக்கச் சொன்னார்கள் என்று மனம் வெதும்பி எட்டு மாதத்தில் வேலையை விட்டார். தீவனக் கலவையை வகுக்கும் பிரிவா, விற்பனையா என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர் ஊராகப் போக வேண்டிய வேலை என்பதும் உண்மை. பெண் பிள்ளை என்ற தயக்கம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. ஆனால் அவர் ஏற்கெனவே நள்ளிரவில் ஈற்றுக்குத் தவிக்கும் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று பழகியவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். இந்த விடுமுறையில் மகள் வீட்டுக்கு வரும்போது, ஒரு கைப்பிடிச் சாணத்தை மாவுச் சல்லடையில் போட்டு, குழாய் நீரில் நிறம் போகும்வரை இருவரும் சேர்ந்து அலசிப் பாருங்கள். முழு மக்காச்சோள மணிகளோ, விரல் நீள நார்களோ தங்கினால், அவை செரிக்காமல் போன உங்கள் பணம். ஏன் தங்கியது என்று அவரிடமே கேளுங்கள். பிறகு பதினைந்து நாளுக்கு ஒவ்வொரு மாட்டுக்கும் வைத்த பசுந்தீவனம், வைக்கோல், அடர்தீவனம் ஆகியவற்றின் எடையையும் கறந்த பாலையும் ஒரு நோட்டில் அவர் எழுதட்டும். எடைபோடாமல் கையளவில் எழுத வேண்டாம். அந்த நோட்டோடும் இதுவரை பெற்ற மதிப்பெண் பட்டியலோடும் இருவரும் என்னிடம் வாருங்கள். எந்த ஊரில், எந்த ஆசிரியரிடம், எந்தத் தலைப்பில் படிப்பது என்பதை அதை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்